இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி

பாட்டில் "கடலே" என்று வரும் இடத்தில்
பிளசிடாவின் வாய் "கடலே" என்று அசையாது.
நிறுத்திப் பாருங்கள்.
இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி.
அவள் சொல்வது,
"டேய், ஆட்டாத."

அந்த டேய் நான்.

மூன்று நாள் சூரை கிடந்த ரெஜிபோம் பெட்டியின் மூடி,
அதில் கோதுமைமாப் பசையால் ஒட்டிய வெள்ளித்தாள்.
அதைத் தலைக்கு மேலே தூக்கி
டச்சு பே வெயிலை மடக்கி
அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன்
காலை ஆறரையிலிருந்து.
சம்பளம் ஒரு கொத்துரொட்டி,
அதுவும் பாதி இம்தியாஸுக்கு.
மீன் நாற்றத்தோடு விழுந்த வெளிச்சம் அது.
வீடியோவில் பொன்னாக இருக்கிறது.

பாட்டு ஓடியது கிளரன்ஸின் ஓட்டோ ஸ்பீக்கரில்.
சீனக்குடாவுக்கு ஹயர் வந்ததும்
ஓட்டோ போய்விட்டது,
பாட்டும் அதிலேறிப் போய்விட்டது.
எல்லோரும் கையைப் பிசைந்தார்கள்.
அவள் பிசையவில்லை.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்
தன் தொண்டையிலேயே பாடினாள்,
காற்றுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று
கொஞ்சம் கத்தி.

அப்போதுதான் மான் வந்தது.
கழற்றிய செருப்பை மணந்து பார்த்தது,
பிடிக்கவில்லை, போனது.
கொழும்பில் யாரோ கேட்டார்களாம்
மானை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள் என்று.
இந்த ஊரில் மான்
பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத்தோல் தின்னும்
என்றால் எவன் நம்புவான்?

அந்த மானால்தான் பாட்டு ஓடியது என்பார்கள்.
இருக்கட்டும்.
மனையாவெளி பிளசிடா மரியநாயகம்
மூன்று மாதத்தில் வெறும் பிளஸி ஆனாள்.
அடுத்த வீடியோவில் மழை இருந்தது, மழைக்கு பவுசர் இருந்தது.
அதற்கடுத்ததில் அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் ஆடினார்கள்,
ஒருவரையும் எனக்குத் தெரியாது.

பிறகு சென்னை.
படத்தில் கதாநாயகனின் நண்பனுக்குத் தங்கை.
முகம் வந்ததும் தியேட்டரே விசிலடித்தது.
வாய் திறந்தாள்,
வேறு யாரோ பேசினார்கள்.
எங்கள் பேச்சு அங்கே விளங்காதாம்,
குரல் மாற்றிவிட்டார்களாம்.
விசிலுக்காக வாயில் வைத்த விரலை
என்ன செய்வதென்று தெரியாமல்
சப்பிக்கொண்டிருந்தான் கிளரன்ஸ்.

சீரியலில் எண்பத்து மூன்றாம் நாள் அவளைக் கொன்றார்கள்.
சம்பளம் கூட்டிக் கேட்டாள் என்று ஒரு கதை.
அன்றைக்கு அவளுடைய அம்மா
டிவியின் பிளக்கைக் கழற்றி
அரிசி வாளிக்குள் போட்டு மூடினாளாம்.
பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டது,
அங்கே ஓடியது.

எனக்கு மத்திய வீதியில் போன் திருத்தும் கடை.
பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அந்தக் காலைநேரம் கிடக்கிறது,
வெட்டாதது, முப்பத்தொரு நிமிடம்.
இம்தியாஸ் கட்டார் போகும்போது தந்தது.
காற்று, நாய், யாரோ துப்பும் சத்தம்,
நடுவில் அவள்.
"டேய், ஆட்டாத, கண் கூசுது."
பிறகு அதே மூச்சில் "கடலே".
அவளுடைய வாயும் அவளுடைய குரலும்
ஒன்றாக இருப்பது
எனக்குத் தெரிந்து இந்த ஒரு கோப்பில்தான்.
அனுப்பலாம் என்று நினைப்பேன்.
எந்த நம்பருக்கு?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர்.
சிவப்பு நாற்காலி, கையில் மதிப்பெண் அட்டை,
பிள்ளைகள் பாட அழுகிறாள், அழச் சொல்கிறார்கள் போல.
போன கிழமை நேரடி ஒளிபரப்பு.
மேலே ஒரு விளக்கு தள்ளாடியது.
அவள் கமெராவை விட்டுத் திரும்பி
நிமிர்ந்து யாரையோ பார்த்தாள்.
மைக் மூடியிருந்தது.
உதடு மட்டும் இரண்டு முறை அசைந்தது.

பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி என்று
நாடு முழுக்க நினைத்திருக்கும்.

சூட்டுக்கோல் என் கையில்,
கீழே யாருடையவோ போன் திறந்து கிடந்தது.
சொல்லாமலே
கை அசையாமல் நின்றது.